தளம் திறக்கவில்லையா? பழுதா, தடையா என்று கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டால், சில மாதங்களுக்குள் எல்லாரும் சந்திக்கும் காட்சி இது. தினமும் படிக்கும் செய்தித் தளத்தின் முகவரியை டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். சின்ன வட்டம் ஒன்று சுற்றிக் கொண்டே இருக்கிறது. பிறகு வெள்ளைத் திரையில், இந்தத் தளத்தை அடைய முடியவில்லை என்று ஒரு வரி தோன்றுகிறது. மற்ற தளங்கள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன. இது மட்டும் வருவதாக இல்லை.

உடனே மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்கிறோம். இணைப்பு கொடுத்தவருக்குப் போன் செய்கிறோம். கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தால் சரியாகிவிடுமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. தயவுசெய்து ஃபார்மட் பக்கம் போக வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் சாதாரணமானதாகத்தான் இருக்கும். ஆனால் சில சமயங்களில் உங்கள் கம்ப்யூட்டரிலும் பழுது இருக்காது, அந்தத் தளத்தின் சர்வரிலும் பழுது இருக்காது. இடையில் அரசு உத்தரவு ஒன்று வந்து நின்றிருக்கும். 2025 பிப்ரவரியில் தமிழ் வாசகர்கள் பலருக்கு இதுதான் நேர்ந்தது.

அமெரிக்காவிலிருந்து விலங்கிடப்பட்ட நிலையில் இந்தியர்கள் திருப்பி அனுப்பப்பட்ட நேரம் அது. விகடன் குழுமத்தின் டிஜிட்டல் இதழான விகடன் ப்ளஸ், பிப்ரவரி 10 அன்று ஒரு கார்ட்டூன் வெளியிட்டது. அமெரிக்க அதிபர் டிரம்ப் அருகில் பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பது போன்ற படம். அப்போது தமிழக பாரதிய ஜனதா தலைவராக இருந்த கே.அண்ணாமலை இதனைக் கண்டித்துப் புகார் அளித்தார். பிப்ரவரி 15 அன்று விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. கார்ட்டூன் இருந்த பக்கம் மட்டுமல்ல. சமையல் குறிப்பு, சினிமா, பங்குச் சந்தை, பழைய கட்டுரைகள் எல்லாமே மறைந்தன. தளத்தைத் திறக்க முடியவில்லை என்று பல இடங்களிலிருந்து வாசகர்கள் தெரிவித்த பின், மத்திய அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடன் தரப்பு சொன்னது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தின் மீதான தடையை எடுத்துவிட வேண்டும் என்று மார்ச் 6 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

கார்ட்டூன் சரியா, தவறா என்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஒரு படத்துக்காக ஒரு தளமே ஏன் மறைந்தது? அது தடை என்பதைத் திரை நமக்கு ஏன் சொல்லவில்லை? இரண்டுக்கும் டெக்னிக்கலாகக் காரணம் உண்டு. அதைப் புரிந்து கொண்டால், அடுத்த முறை வட்டம் சுற்றும்போது என்ன நடக்கிறது என்று நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஒரு பக்கம் உங்களிடம் எப்படி வருகிறது?

பிரவுசரில் நீங்கள் தருவது ஒரு பெயர். இன்டர்நெட்டுக்குத் தெரிந்ததோ எண்கள் மட்டுமே. ஒவ்வொரு சர்வருக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் டெலிபோன் டைரக்டரி போன்ற ஏற்பாடுதான் டி.என்.எஸ். நீங்கள் தனியாக எதையும் மாற்றாதவரை, உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வரைத்தான் உங்கள் கம்ப்யூட்டர் கேட்கும். இணைப்புத் தரும் நிறுவனத்தை ஐ.எஸ்.பி. என்பார்கள்.

எண் கிடைத்ததும், அந்த சர்வருடன் பிரவுசர் தொடர்பு கொள்கிறது. முகவரிப் பட்டையில் எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கும் தளமாக இருந்தால் பேச்சு முழுவதும் பூட்டிய நிலையில் நடக்கும். பழைய எச்.டி.டி.பி. என்பது போஸ்ட் கார்டு மாதிரி. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எச்.டி.டி.பி.எஸ். என்பது ஒட்டிய கவர். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. மேலே எழுதிய முகவரி மட்டும் தெரியும்.

இந்தக் கவர் உதாரணத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் படிப்பது சமையல் குறிப்பா, கார்ட்டூனா என்பது இடையில் இருக்கும் ஐ.எஸ்.பி.க்குத் தெரியாது. எந்தத் தளம் என்பது மட்டும் பொதுவாகத் தெரியும். பாதுகாப்பான தொடர்பு தொடங்கும் முதல் நொடியில், இன்ன பெயருள்ள தளம் வேண்டும் என்று பிரவுசர் வெளிப்படையாகக் கேட்கிறது. இதற்கு எஸ்.என்.ஐ. என்று பெயர். ஒரே சர்வரில் பல தளங்கள் குடியிருப்பதால் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே, ஒரு பக்கத்தை மட்டும் மறைக்கச் சொன்னாலும், அந்தத் தளத்தை நடத்துபவர் தாமே நீக்கினால் ஒழிய, ஐ.எஸ்.பி.யால் அதைச் செய்ய இயலாது. அது செய்யக் கூடியது தளம் முழுவதையும் மூடுவதுதான்.

தடை எங்கே போடப்படுகிறது?

மூன்று இடங்களில் போடலாம். டைரக்டரியில் பெயரை அடித்துவிடுவது முதல் வழி. அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று ஐ.எஸ்.பி.யின் டி.என்.எஸ். பொய் சொல்லும், அல்லது வேறு ஏதோ எண்ணைத் தரும். செலவு குறைவு, வேலை எளிது. இதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வேறு டைரக்டரியைக் கேட்டால் சரியான எண் கிடைத்துவிடும். 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரைத் தடுத்தபோது, இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று பெயின்ட்டில் எழுதி வைத்தார்கள். அது கூகுள் 2009 முதல் இலவசமாக நடத்தும் டி.என்.எஸ். சர்வரின் எண். அடுத்த சில நாட்களிலேயே துருக்கி நிறுவனங்கள் அந்த எண்ணுக்குப் போகும் கேள்விகளையும் தம் பக்கம் திருப்பிக் கொண்டன. டைரக்டரியில் தொடங்கிய தடை அப்போது பாதைக்கும் வந்துவிட்டது.

இரண்டாவது வழி, ஐ.பி. எண்ணையே அடைப்பது. இதில் அடுத்த வீட்டுக்காரனும் மாட்டிக் கொள்வான். ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். ஒரு குடித்தனக்காரர் மீது கோபம் என்பதற்காக அபார்ட்மென்ட் வாசலைப் பூட்டும் காரியம் இது.

நம் நாட்டில் இது நடந்திருக்கிறது. 2003 செப்டம்பரில், மேகாலயாவின் பிரிவினை அமைப்பு ஒன்றுடன் தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட கின்ஹுன் என்ற யாகூ குழுவைத் தடுக்க உத்தரவு வந்தது. சின்னஞ்சிறு குழு அது. ஒரு குழுவை மட்டும் தடுக்கும் ஏற்பாடு ஐ.எஸ்.பி.களிடம் இல்லை. யாகூ குரூப்ஸ் இருந்த எண்ணையே அடைத்தார்கள். ஊர்ச் சங்கம், கல்லூரி நண்பர்கள், வேலை தேடுபவர்கள் என்று குழு வைத்திருந்த அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். கின்ஹுன் என்ற பெயரை அதுவரை கேட்டிராதவர்கள் எல்லாரும் தெரிந்து கொண்டதுதான் மிச்சம்.

2006 ஜூலையில் இன்னொரு முறை. ஜூலை 11 அன்று மும்பை மின்சார ரயில்களில் குண்டுகள் வெடித்தன. சில நாட்களில் ஒரு சிறு பட்டியல் ஐ.எஸ்.பி.களுக்குப் போனது. அதில் இருந்தவை குறிப்பிட்ட சில வலைப்பதிவுகளும் தளங்களும்தான். ஆனால் பல நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், ஜியோசிட்டீஸ், டைப்பேட் ஆகியவற்றை மொத்தமாக மூடிவிட்டன. தமிழில் வலைப்பதிவு எழுதுவது அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. அவர்களில் பலர் இருந்த இடம் பிளாக்ஸ்பாட். தம் பதிவுக்குத் தாமே போக முடியாத நிலை. பட்டியலில் உள்ளவற்றை மட்டும் தடுத்தால் போதும் என்று அரசு மீண்டும் சொன்ன பிறகே நிலைமை சீரானது. அந்தக் காலத்தில் போஸ்ட் கார்டு முறைதான் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். பக்கம் பக்கமாகப் பிரித்துத் தடுக்க முடிந்த காலத்திலேயே இப்படி நடந்தது. சோம்பலும் அவசரமும் காரணம் என்பது என் கருத்து.

இந்த எண் விளையாட்டு எல்லை தாண்டிய சம்பவமும் உண்டு. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடுக்கச் சொன்னது. எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நிறுவனங்களின் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக் கொண்டே இருக்கும். யூடியூபின் எண்கள் எங்களிடம்தான் இருக்கின்றன என்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் அறிவித்தது. வருகிறவர்களைப் பிடித்துக் குப்பையில் போடும் உத்தி இது. அறிவிப்பு ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியே கசிந்தது. உலகின் பல பகுதிகளின் ரவுட்டர்கள் அதை நம்பிவிட்டன. சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் உலகம் முழுவதும் தடுமாறியது.

மூன்றாவது வழி, நாம் முன்பு பார்த்த எஸ்.என்.ஐ.யை ஒட்டுக் கேட்பது. கவர் மேல் எழுதிய பெயரைப் பார்த்ததும் தொடர்பை அறுத்துவிடுவார்கள். டி.என்.எஸ். மாற்றினாலும் பயன் இருக்காது. பெங்களூரு சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டியின் ஆய்வாளர்கள், இந்தியாவின் பெரிய நிறுவனம் ஒன்று இந்த முறையைப் பயன்படுத்துவதை 2019-ல் சோதித்துக் காட்டினார்கள். ஐ.எஸ்.பி.கள் வெவ்வேறு முறைகளைக் கையாள்வதும், எல்லா நிறுவனங்களும் ஒரே பட்டியலைத் தடுப்பதில்லை என்பதும் அவர்கள் ஆய்வில் தெரிய வந்தது. அதனால்தான் உங்கள் வீட்டில் திறக்காதது எதிர் வீட்டில் திறக்கிறது.

திரை ஏன் உண்மையைச் சொல்வதில்லை?

போஸ்ட் கார்டு காலத்தில், தடுத்த தளத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்புப் பக்கத்தைக் காட்டுவது ஐ.எஸ்.பி.க்கு எளிது. அரசு அல்லது நீதிமன்ற உத்தரவின்படி இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் வரும். பலர் பார்த்திருப்பீர்கள். ஒட்டிய கவரில் இது முடியாது. அந்தத் தளத்தின் சான்றிதழ் ஐ.எஸ்.பி.யிடம் இல்லை. அது தன் அறிவிப்பை உள்ளே நுழைக்கப் பார்த்தால், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பிரவுசர் எச்சரித்து நிறுத்திவிடும். உங்கள் பேங்க் கணக்கைக் காக்கும் அதே ஏற்பாடுதான் இது; அதைக் குறை சொல்லக் கூடாது. விளைவு என்னவென்றால், தடை வெறும் பழுது போலத் தெரிகிறது.

சட்டக் காரணத்தால் காட்ட முடியாத பக்கங்களுக்கென்று 451 என்ற எண்ணே 2016-ல் முறைப்படி ஒதுக்கப்பட்டது. பக்கம் இல்லை என்பதற்கு 404 வருகிறதே, அது மாதிரி. புத்தகங்களை எரிக்கும் அரசைப் பற்றி ரே பிராட்பரி 1953-ல் வெளியிட்ட ஃபாரன்ஹீட் 451 நாவலின் நினைவாக வைத்த எண் அது. நல்ல ஏற்பாடு. ஆனால் தளமே முன்வந்து காட்டினால்தான் நமக்குத் தெரியும். நடுவில் அறுக்கப்பட்ட தொடர்பில் எந்த எண்ணும் வந்து சேராது.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லத் தோன்றுகிறது. 1987-ல் ஆனந்த விகடன் அட்டைப்படத்தில் வந்த அரசியல் ஜோக்குக்காக, அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. கண்டனம் எழுந்து சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். தண்டித்தது யார், எதற்காக என்பது டீக்கடையில் பேப்பர் படித்தவர் வரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2025-ல் அதே குழுமத்தின் தளம் மறைந்தபோது, மோடத்தைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்தோம். எது மேல் என்று நான் சொல்லப் போவதில்லை. சிறைக்குப் போனவருக்கு அது எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் காரணம் தெரியாத இருட்டை வாசகர் மீது போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்களே சோதியுங்கள்

முதலில் சாதாரணக் காரணங்களைக் கழித்துவிட வேண்டும். டாஸ்க் பாரில் தேதியைப் பாருங்கள். மதர் போர்டில் உள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டால் கம்ப்யூட்டரின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவை என்று கருதி, பிரவுசர் எச்.டி.டி.பி.எஸ். தளங்களை மறுக்கும். சில பத்து ரூபாய் பேட்டரிக்கு அரசாங்கத்தைத் திட்ட வேண்டாம். அடுத்து, பிரவுசர் மிகப் பழையதா என்று பாருங்கள். ஆன்டி வைரஸ் தொகுப்பும் சில தளங்களைத் தானாகவே நிறுத்தும். ஆனால் அது தன் பெயரைப் போட்டு எச்சரிக்கும்.

இன்னொன்று ஹோஸ்ட்ஸ் ஃபைல். விண்டோஸில் சிஸ்டம்32 போல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈ.டி.சி. என்ற போல்டரில் இருக்கும். டி.என்.எஸ்.ஸைக் கேட்கும் முன் கம்ப்யூட்டர் இதைத்தான் பார்க்கும். சில வைரஸ்கள் இதில் வரிகளைச் சேர்த்துவிடும். நோட்பேடில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் ஹேஷ் அடையாளம் இல்லாத வரியில் நீங்கள் தேடும் தளத்தின் பெயர் இருந்தால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

இவை எதுவும் இல்லையா? இப்போது செல்போனை எடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் சிம் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் தளம் உயிரோடு இருக்கிறது. கோளாறோ தடையோ உங்கள் வீட்டு ஐ.எஸ்.பி.யில். இரண்டிலும் திறக்கவில்லை என்றால், சர்வர் படுத்திருக்கலாம். அல்லது உத்தரவு இரண்டு நிறுவனங்களுக்கும் போயிருக்கலாம். இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஒரு வசதி. சிங்கப்பூரிலோ கனடாவிலோ யாராவது ஒரு உறவினர் இருப்பார். வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அங்கே திறந்து இங்கே இரண்டிலும் திறக்கவில்லை என்றால் தடையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இந்தியா முழுவதிலும் திறக்காமல் போகும் டெக்னிக்கல் கோளாறும் எப்போதாவது உண்டு. அது சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

இந்த வெளிநாட்டு உறவினர் சோதனையை ஈழத்தமிழர்கள் ஆண்டுக்கணக்கில் செய்தவர்கள். போர்க் காலத்தில், 2007 ஜூனில், தமிழ்நெட் செய்தித் தளத்தை இலங்கையின் இணைய சேவை நிறுவனங்கள் தடுத்தன. டொரொன்டோவிலும் லண்டனிலும் படிக்க முடிந்த செய்தி, அந்தச் செய்தி நடந்த யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அதே வழியில் படிக்கக் கிடைக்கவில்லை. போர் 2009 மே மாதம் முடிந்தது; தடை முடியவில்லை. ஆட்சி மாறிய பின் 2015 ஜனவரியில்தான் எடுக்கப்பட்டது. அவசர காலத்துக்கென்று வரும் தடை, அவசரம் போன பின்னும் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

மீண்டும் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஸ்டார்ட் அழுத்தி, சி.எம்.டி. என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம். அதில் என்.எஸ்.லுக்அப் என்ற கட்டளையை, புள்ளியோ இடைவெளியோ இல்லாமல் ஆங்கில எழுத்துகளில் சேர்த்து டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, தளத்தின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டவும். மேலே முதலில் வருவது உங்கள் டி.என்.எஸ். சர்வரின் விபரம். கீழே வருவதுதான் தளத்தின் எண். அதைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு அதே கட்டளையை மீண்டும் கொடுத்து, தளத்தின் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்து என்டர் தட்டவும். இம்முறை கூகுளின் டைரக்டரி பதில் சொல்லும்.

முதல் தடவை பெயரே இல்லை என்று வந்து, இரண்டாவது தடவை எண் கிடைத்தால், உங்கள் ஐ.எஸ்.பி.யின் டைரக்டரியில் அந்தப் பெயர் அடிக்கப்பட்டிருக்கலாம். 127.0.0.1 அல்லது 10 என்று தொடங்கும் எண் கிடைத்தாலும் சந்தேகப்படுங்கள். பொதுத் தளம் எதுவும் அந்த எண்களில் இருக்காது. இரண்டும் வேறு வேறு எண்கள் என்பதற்காக மட்டும் தடை என்று முடிவு கட்டக் கூடாது. பெரிய தளங்கள் ஊருக்கு ஒரு சர்வர் வைத்திருக்கும். எண் சரியாகக் கிடைத்தும் தளம் திறக்கவில்லை என்றால் பிரவுசர் தரும் செய்தியைக் கவனியுங்கள். நேரம் கடந்துவிட்டது என்ற பொருளில் டைம்ட் அவுட் என்று வந்தால் எண் அடைக்கப்பட்டிருக்கலாம், அல்லது சர்வர் உண்மையிலேயே படுத்திருக்கலாம். டைப் செய்த உடனேயே கனெக்ஷன் ரீசெட் என்று வந்தால், அதுவும் அந்த ஒரு தளத்துக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் வந்தால், எஸ்.என்.ஐ. அறுவையாக இருக்கலாம். 500, 503 போன்ற எண்கள் வந்தால் அது தளத்தின் சொந்தத் தலைவலி. பிங் கட்டளையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல நிலையில் உள்ள பல சர்வர்களே பிங்குக்குப் பதில் தருவதில்லை.

இப்போதைய பிரவுசர்களில் செக்யூர் டி.என்.எஸ். என்ற வசதி இருக்கிறது. அது இயங்கினால் பிரவுசர் வேறு டைரக்டரியைக் கேட்கும்; கறுப்புத் திரை காட்டும் விடையும் பிரவுசர் காட்டுவதும் மாறுபடலாம். குழம்ப வேண்டாம்.

உத்தரவு யார் போடுகிறார்கள்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ல் திருத்தமாகச் சேர்ந்து, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகத் தளங்களைத் தடுக்க மத்திய அரசுக்கு இது அதிகாரம் தருகிறது. கமிட்டி கூட வேண்டும், தகவலை வெளியிட்டவரை அடையாளம் காண முடிந்தால் அவர் விளக்கம் சொல்ல 48 மணி நேரமாவது தர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. அவசரம் என்றால் முதலில் தடுத்துவிட்டுப் பிறகு கூடலாம். டிஜிட்டல் செய்தித் தளங்கள் 2021 விதிகளின்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வந்தன. நீதிமன்றங்களும் தடுக்கச் சொல்லலாம். சினிமாத் திருட்டுத் தளங்கள் பெரும்பாலும் அப்படித்தான் மூடப்படுகின்றன. உத்தரவை நிறைவேற்றாத ஐ.எஸ்.பி.க்கு 7 ஆண்டு வரை சிறை என்று அந்தப் பிரிவு மிரட்டுகிறது. சந்தேகம் வந்தால் கூடுதலாகவே மூடிவிடுவோம் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை.

2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. 69ஏ பிரிவை விட்டு வைத்தது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், ஆகவே பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் 2009 விதிகளில் 16-வது, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் எழுதப்பட்டிருக்கும்; படிக்கத்தான் முடியாது. கேள்வி கேட்பது எப்படி?

புரோக்சி, வி.பி.என். என்று விளம்பரங்கள் வரும். உங்கள் கவரை இன்னொரு கவருக்குள் போட்டு வேறு ஊரிலிருந்து அனுப்பும் ஏற்பாடுகள் அவை. அலுவலகங்கள் நியாயமான காரணங்களுக்காகவே வி.பி.என். வைத்திருக்கின்றன. ஆனால் இலவசம் என்று வருவதை நம்பி இறக்க வேண்டாம். ஐ.எஸ்.பி. பார்க்காததை அவர்கள் பார்ப்பார்கள். நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரில் முகம் தெரியாத கம்பெனியின் புரோகிராமை அமர்த்துவது, செய்தி படிப்பதற்குக் கொடுக்கும் விலையாக அதிகம். இந்தியாவில் சேவை தரும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விபரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டிருப்பதையும் தெரிந்து கொள்ளுங்கள்.

அதைவிட எளிய காரியம் ஒன்று செய்யலாம். நீங்கள் தினமும் படிக்கும் தளத்தின் மின்னஞ்சல் செய்திமடலுக்கு இப்போதே பதிந்து வையுங்கள். தளம் மூடப்பட்டாலும் மெயில் வரும் வழி வேறு. தளம் திறக்காத நாளில், தேதி, நேரம், ஐ.எஸ்.பி. பெயர், பிரவுசர் காட்டிய செய்தி, கறுப்புத் திரையில் கிடைத்த எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, பிரின்ட் ஸ்கிரீன் கீயை அழுத்திப் படமாகவும் சேமியுங்கள். ஐ.எஸ்.பி.யின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள்; அரசு உத்தரவா என்று நேரடியாகக் கேளுங்கள். அதே விபரங்களைச் செய்தித் தளத்தின் ஆசிரியருக்கும் அனுப்பலாம். தன் தளம் எந்த ஊரில், எந்த இணைப்பில் மறைந்திருக்கிறது என்பது, அலுவலகத்தில் அதைச் சரியாகப் பார்த்துக் கொண்டிருக்கும் அவருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.